பிரேக் நன்றாகத்தான் இருந்தது

பீளமேடு,
ஞாயிறு காலை

அன்புள்ள சசிதருக்கு,

நான் சுகம். நீயும் சிந்துவும் லாஸ்யாவும் பெர்த்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நல்ல மழை, என் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே மறுத்துப் பேசுவாய், அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி.

நீ கிளம்பிப் போன மறுவாரம் மெக்கானிக் சென்னகிருஷ்ணனை வரவழைத்துக் காரைக் காட்டினேன். அந்தியூரில் உன் தங்கை சைத்ராவின் நாத்தனாருக்கு நிச்சயதார்த்த விருந்து முடிந்து திரும்பும்போது, பெருமாநல்லூர் பக்கம் குடத்தோடு சாலையைக் கடந்த அம்மாளை நம் காரின் பக்கக் கண்ணாடி இடித்துத் தள்ளியதே, பிரேக் பிடிக்கவில்லை என்றாயே, அதற்காகத்தான். அவர் கழற்றிப் பார்த்து, ஓட்டியும் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தான் இருக்குதுங்கம்மா, கால்தான் நேரத்துக்குப் போகலீங்க" என்றார். அந்த அம்மாளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இன்னும் ஓரடி முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

தோட்டத்தில் ஆண்களோடு இரண்டு கிளாஸ்தான் என்றாய், ஏலக்காய் மென்றுகொண்டு வந்து உட்கார்ந்தாய். வழக்கத்தைவிட நன்றாக ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்டே, எதிரே பஸ் வரும்போது லாரியை முந்தினாய். நீ பொய் சொல்லவில்லை, உனக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஓட்டலாமா கூடாதா என்று தீர்மானிக்க வேண்டிய புத்தியும் அதே கிளாஸைத்தானே குடித்திருந்தது. ஆனால் நான் ஒரு சொட்டும் தொடவில்லை, எனக்கு என்ன சாக்கு? சம்பந்தி கோவிந்தராஜுலு தம் டிரைவர் ஈஸ்வரமூர்த்தியை அனுப்புகிறேன் என்றபோது, என் பையனே ஓட்டுவான் என்று மறுத்தவள் நான். டிரைவரை ஏற்றுக்கொண்டால் நீ குடித்ததை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற கௌரவம். பின் சீட்டில் லாஸ்யாவை வைத்துக்கொண்டு அந்தக் கௌரவம்.

நேற்று சம்பந்திக்குப் போன் செய்து, தை மாதக் கல்யாணத்துக்கு ஈஸ்வரமூர்த்தியை அனுப்பும்படி கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். அவர், "அன்னைக்கே தெரியுமுங்கம்மா, அதனாலதானுங்க டிரைவரை அனுப்பறேன்னேன்" என்றார். எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் நான் மறைத்திருக்கிறேன்.

கண்ணு, அங்கேயும் விருந்துக்குப் போனால் சாவியை முதலிலேயே சிந்துவிடம் கொடுத்துவிடு. விருந்துக்கு வராமல் வீட்டிலிருந்த அவளிடம் பிரேக் பழுது என்று நீ சொன்னபோது நானும் ஆமாம் என்றேன், அதனால் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ என் ஆசிகள். தைக்கு வரும்போது சாவியைத் தேடாதே, அது என் கைப்பையில் இருக்கும்.

உன் அம்மா,
அம்புஜம்