தண்ணீர் குடிக்காத இடம்

யேசு மரி சூசை

ஸ்காபரோ,
கார்த்திகை 1997

அன்பு மகள் மக்டலீன் அறிவது,

நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகம் என்று எழுதமாட்டேன், பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

உன் தம்பி அல்பேட் என் முழங்கால் நோவுக்கென்று பேஸ்மென்ற் அறை நிலத்தை உடைத்து, சுடுதண்ணீர்க் குழாய் பதித்து, கொங்கிறீற் போட்டதை ரெலிபோனில் சொன்னேன் அல்லவா, அது காய்ந்து இறுக ஒரு மாதத்துக்கு மேல் விட்டார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்ச் சூடு ஏற்றிப் பார்த்தார்கள், அந்த நாட்களில் நானும் கதிரை போட்டு அங்கேதான் இருந்தேன், மருமகள் அருள்மலரின் தகப்பன், நம் சம்பந்தி அருள்நாயகமும் இறங்கி வந்து இருந்தார். ரைல்ஸ் ஒட்ட முன்னம் சூட்டை நிற்பாட்டி நிலத்தை ஆறவிடவேண்டுமாம். ஆறிய பிறகு, ஒட்டுகிற சீமோன் வந்து சுரண்டித் தூசு எடுத்துவிட்டு அங்கங்கே தண்ணீர் தெளித்தான். நிலம் தண்ணீரைக் குடித்தால்தான் பசை பிடிக்குமாம். எல்லா இடமும் குடித்தது, ஜன்னலோரம் ஓரிடத்தில் மட்டும் சேம்பிலையில் நிற்பதுபோல முத்து முத்தாய் நின்றது. இதிலை எண்ணெய் ஊறியிருக்கு, இப்பிடியே ஒட்டினால் கழண்டுபோம் என்றான். உடனே அருள்மலர் என் முழங்காலைப் பார்த்தாள். மாமி பூசுற எண்ணெய்தான், அவ மேலையே இருக்கட்டும், அறையை அப்பாவுக்குக் குடுப்பம் என்றாள். அல்பேட்டும், ஓமம்மா, மேலை கார்ப்பெற்றும் சூடுதானே என்றான். பெற்ற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! சம்பந்தி சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நான் விடுவேனா? நோகிற காலை மடித்துக் குந்தி அந்த இடத்தை விரலால் தேய்த்து மணந்தேன். சீமோனையும் மணக்கச் சொன்னேன். நல்லெண்ணெய் அன்ரி என்றான். நான் பூசுவது வேப்பெண்ணெய். நாறுது நாறுது என்று எட்டு வருஷமாய் மூக்கைப் பொத்துகிறவளுக்கு அன்றைக்கு மட்டும் மூக்கடைப்பா? சனிக்கிழமை தோய முன்னம் உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் வார்த்துக்கொண்டு அந்த நிலச்சூட்டில் குந்தியிருந்தது ஆர் என்று கேட்டேன். சும்மா ரெண்டு துளி சிந்தியிருக்கும் என்றார் சம்பந்தி. அல்பேட்டின் கலியாணப் பந்தியில் இருந்துகொண்டு சொதிக்குப் பால் காணாது என்று சொன்ன அதே வாய்.

சீமோன் குழாயில் படாமல் மேல்தோலை மட்டும் மிஷினால் அராவி, திரும்பத் தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஒட்டி முடித்துவிட்டான். பசை இறுகுமட்டும் சூடு போடக்கூடாதாம். சரியம்மா, அறை உங்களுக்குத்தான் என்று அல்பேட் தானம் கொடுப்பதுபோலச் சொன்னான். பிழை என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. நீ அவனுக்குப் பரிந்து ரெலிபோன் எடுக்காதே. நான் இறங்கத்தான் போகிறேன், சம்பந்திக்கு விட்டுக்கொடுக்கமாட்டேன். நீயும் கண்ணால் காணாததை உன் மாமியின் தலையில் போடாதே.

பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போட்டுவிடு. ஆண்டவர் உங்களைக் காப்பார். மறக்காமல் நத்தார்ப் பண்டிகைக்கு முன் கம்பளிச் சொக்ஸ் ரெண்டு சோடி அனுப்பு, உள்ளதில் தடித்ததாய்ப் பார். பிழைதான் அம்மா என்று அவன் வாயால் சொல்லும்வரைக்கும் அவன் போட்ட சூடு என் உள்ளங்காலில் படக்கூடாது.

ஆசீரோடும் ஆறாத கோபத்தோடும்,
உன் அம்மா