காது வரையாத படம்

அன்பு மகள் வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால், "நல்லா இருக்கேம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். உனக்கு வாயாடி என்று பேர் வைத்த என் வாயைத்தான் சொல்ல வேண்டும். கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போன முறை நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த வண்டிய என்ன பண்ணீங்க?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். இப்போது சொல்கிறேன். வண்டி இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். நீ ஓட்ட, உன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போன வண்டி. அவன் கடைசியாக உட்கார்ந்த சீட்டை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரி நடையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பிரேக் பிடிக்கலம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாயே, அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. தூரத்தில் வேலை கிடைத்தது என்று போனவள், ஒரு விடுமுறைக்குக்கூட வரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கல்லூரியில் எந்த வயதிலும் சேரலாம் என்று மாலை வகுப்பு நடத்துகிறார்கள். ஓவியமும் உண்டு, வண்டி ரிப்பேரும் உண்டு. ரிப்பேர் கற்றுக்கொண்டு அந்தப் பிரேக்கை நானே திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. சிரித்தாலும் நல்லதுதான், நீ சிரித்து நாளாயிற்று.

பேர் பதிகிற பெண் எந்த வகுப்பு என்று கேட்டாள். வண்டியின் நசுங்கிய கதவுதான் முதலில் நினைவுக்கு வர, "பாடி வேலைம்மா" என்றேன். "பாடியா? மாடிக்குப் போங்க" என்றாள். போனால் ஒரு கூடம். நடுவில் ஸ்டூலில் ஒரு பெரியவர் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் பலகை வைத்து அவரை வரைந்துகொண்டிருக்கிறார்கள். மனித உடம்பை வரைகிற வகுப்பாம். ஸ்பானர் பிடிக்க வந்தவள் கையில் கரித்துண்டைக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பியிருப்பேன். அதற்குள் ஓவிய ஆசிரியை, "பாடியப் பாருங்க. மூச்சு விடும்போது தோள் எப்படி ஏறி இறங்குதுன்னு பாருங்க" என்றார். ஒரு மனிதரைக் காட்டி அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டது ஆஸ்பத்திரியில். "பாடிய யார் வாங்கிக்கறீங்க?" என்றார்கள். காலையில் சட்டையைக் காணோம் என்று என்னோடு சண்டை போட்ட பிள்ளைக்கு மத்தியானம் அதுதான் பேர். இங்கே அதே சொல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே வரைந்தேன். உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி வந்தது. பெரியவர் எட்டிப் பார்த்து, "என் சம்சாரம் பார்த்தா சரியா இருக்குன்னுதான் சொல்லுவா" என்றார்.

இரண்டு வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன். ஒரு மாலை மாடி, மறுமாலை கீழே பட்டறை. பட்டறையில் சொல்லிக்கொடுப்பவரைத் தொப்பை மாஸ்டர் என்பார்கள், அவர் காதுபடவே. அவர் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். "நான் வரல" என்று சொல்லியிருந்த உன் அப்பா, இழுவை வண்டி வந்ததும் தானாகவே டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் கட்டை, எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் என் கையாலேயே பிரித்தேன். ஏதாவது ஒன்று அறுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எதுவும் அறுந்திருக்கவில்லை. "பிரேக் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் மாஸ்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு மழைன்னு சொன்னீங்களே, தண்ணி நிக்கிற ரோட்டுல டயர் வழுக்கிட்டா, எவ்வளவு நல்ல பிரேக்கும் பிடிக்காது. மிதிக்கிறவங்களுக்கு பிரேக்கே இல்லாத மாதிரிதான் இருக்கும்" என்றார். அது உண்மையா, எனக்குச் சொன்ன ஆறுதலா என்று நான் கேட்கவில்லை. பிரேக் மேல் பழி விழுந்தால்தான் நீ வீட்டுக்கு வருவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் மேலும் பழி இல்லாவிட்டாலும் வரலாம். இருந்தாலும் வரலாம். இது உன் வீடு.

தம்பி பக்கத்துக் கதவை ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஒடுக்கெடுத்துக்கொண்டிருக்கிறேன். முழுக்க நேராகாது என்கிறார் மாஸ்டர். திறந்து மூடினால் போதும் என்றேன்.

மாடியில் இப்போது முகம் வரைகிறோம். தம்பி முகம் உடனே வந்துவிட்டது. போட்டோவைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம். பிறகு உன்னை வரைய உட்கார்ந்தேன். கண் வந்தது, அந்தப் பிடிவாத மோவாயும் வந்தது. காதில் நின்றுவிட்டேன். மடல் தொங்கும் என்கிறேன் நான். இல்லை, கன்னத்தோடு ஒட்டியிருக்கும் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். அந்த நாளுக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. போட்டோக்களில் எல்லாம் காதை முடியால் மூடிக்கொண்டிருக்கிறாய். பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் பிள்ளையின் காது தெரியவில்லை.

புது போட்டோ எடுத்து அனுப்பிவிடாதே. ஆள் எதிரே உட்கார வேண்டும், மூச்சு விட வேண்டும், அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பது ஆசிரியையின் சட்டம். படத்தில் காது வர வேண்டிய இடத்தை வெறுமனே விட்டு வைத்திருக்கிறேன்.

தம்பிக்குக் கிடைக்காத ஆயுளும் உனக்கே சேரட்டும். வந்து உட்கார், வாயாடி.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா