ஏசாவுக்குச் சோறு போட்டவள்

அக்கா,

இன்று பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சீட்டு டப்பாவைத் திறந்தார்கள். குப்பென்று கிராம்பு வாசனை. பூச்சி அரிக்காமல் இருக்க நீங்கள் போட்டு வைத்தது இன்னும் காரம் போகாமல் கிடக்கிறது. சீட்டுகளும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கின்றன: சாராள், ஆகார், அன்னாள், எலிசபெத்து. வேதத்தில் வரும் தாய்மார்களில் யாருக்கு யார் வருகிறாளோ, அவளையும் அவள் மகனையும் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்பது நீங்கள் ஏற்படுத்திய வழக்கம். கையை உள்ளே விடும்போது ஒரு பேர் மட்டும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தது மோசேயின் தாய். நாணல் பெட்டி, ஆற்றங்கரை என்று ஏதோ பேசிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் துலக்கினேன், துலக்கியதையே மறுபடி துலக்கினேன். பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

உங்களை இந்த ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஓய்வு பெற்ற பிறகும் போஸ்ட்டாபீஸ் அக்காதான். ரேஷன் கார்டு திருத்தமோ பென்ஷன் மனுவோ, எந்த ஃபாரமாக இருந்தாலும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். என் வீட்டுக்காரர் மொரப்பூர்ப் பக்கம் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்து போனார். வாரிசு வேலைக்கான பேப்பரையும் நீங்கள்தான் எழுதினீர்கள். இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு வேலை. மற்றவன் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் உயிரோடு இருந்தபோது ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், "எனக்கப்பறம் பெரியவன்தான்" என்று. பெரியவனும் அதை நம்பி, லீவு நாளில் அப்பாவோடு தண்டவாளத்தில் நடந்து பழகியவன். ஆனால் சின்னவனுக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு. பனி விழுந்தால் மூச்சு வாங்கும். இவன் உழவு, களை என்று காட்டு வேலைக்குத் தாங்க மாட்டான், பெரியவன் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வான் என்று நானே கணக்குப் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், இளைப்பு ஒரு சாக்கு. எனக்குச் சின்னவன் மேல்தான் உயிர்.

"ஏம்புள்ள, பெரியவனுக்கு இது தெரியுமா?" என்று பேனாவை மூடாமல் கேட்டீர்கள். "தெரியுங்க்கா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன். அன்று மத்தியானம் உழவு ஓட்டிவிட்டு வந்தவனிடம், "அப்பாவோட பென்ஷனுக்குடா, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டினேன். அவன் படிக்கவில்லை. கையில் இருந்த மண்ணை வேட்டியில் துடைத்துவிட்டுப் போட்டான். அம்மா நீட்டிய பேப்பரை யார் படிப்பார்கள்?

சின்னவன் பேருக்கு உத்தரவு வந்த அன்று வீடு வீடாக இல்லை. பெரியவன் வரப்பு வெட்டிய மம்முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எங்கம்மாவ ஏமாத்தி எங்கிட்டக் கையெழுத்து வாங்க வெச்சயாடா?" என்று தம்பியின் சட்டையைப் பிடித்தான். அம்மா ஏமாந்திருப்பாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியதே தவிர, ஏமாற்றியிருப்பாள் என்று தோன்றவே இல்லை. சின்னவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவனும் திறக்கவில்லை. மறுநாள் அவனை ரயிலேற்றிவிட்டு, "கொஞ்ச நாள் இருந்துட்டு வா சாமி, அவங்கோவம் ஆறட்டும்" என்றேன். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் வேலை. அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருஷம் ஆயிற்று.

உங்களுக்கு விஷயம் தெரிய வந்ததும் நேரே வீட்டுக்கு வந்தீர்கள். திட்டவில்லை. "அவங்கிட்டச் சொல்லிரு" என்றீர்கள். அதற்குப் பிறகு சந்தையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. நான் உங்களைக் கண்டாலே வேறு தெருவில் திரும்ப ஆரம்பித்தேன்.

போன வருஷத்துப் பெண்கள் ஞாயிற்றில் ரெபெக்காள் சீட்டு உங்களுக்கே வந்தது. கண் தெரியாத கணவனை ஏமாற்ற இளையவன் யாக்கோபின் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றி, மூத்தவன் ஏசாவின் ஆசீர்வாதத்தை அவனுக்கு வாங்கித் தந்தவள். எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் நிறுத்தவில்லை. "யாக்கோபு ஓடிப்போயிட்டான். சரி. ஏசா எங்க போனான்? அதே கூடாரத்துலதான் இருந்தான். அவனுக்குத் தெனமும் சோறு போட்டது யாருங்க? அவ மொகத்த அவன் எப்படிப் பாத்தான், அவன் மொகத்த அவ எப்படிப் பாத்தா? கொஞ்ச நாள்ல கூப்பிட்டுக்கறேன்னு அனுப்புனா. மறுக்கா அந்தப் புள்ளையப் பாத்தாள்னு ஒரு வரி இல்ல. அவளோட தாதி செத்தது எழுதியிருக்குது, இவ எப்பச் செத்தான்னு கூட எழுதல" என்றீர்கள். பிறகு கொஞ்சம் நிதானித்து, "ஆனா ஒண்ணு. சாபம் வந்தா எம்மேல வரட்டும்னு சொல்ல அவளுக்கு ஒரு வாய் இருந்துச்சு" என்றீர்கள்.

ஐம்பது பெண்கள் இருந்தார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று பொய் சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போனேன். அதோடு பேச்சை நிறுத்தினேன். ஏழு மாதம். கோயிலில் உங்களுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கூடத் திரும்பாமல் இருந்தேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்றதும் ஓடி வந்தேன். பாதி ஆளாகியிருந்தீர்கள். என் கையைப் பிடித்து, "அந்தப் பேப்பர எழுதுன கை இது. எனக்கும் பங்கு இருக்குது புள்ள. உன்னால முடியலைன்னா நான் சொல்லிரட்டுமா அவங்கிட்ட?" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன் என்று இந்தத் தாளில் எழுதியே ஆக வேண்டும். "சாகற நேரத்துல எங்குடும்பத்தக் கலைச்சுட்டுப் போயிராதீங்க" என்றேன். நீங்கள் கையை விட்டீர்கள். நான் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்தாம் நாள் கோயில் மணி அடித்தது.

உங்களுக்குக் குழி வெட்டியது பெரியவன்தான். யாரும் கூப்பிடாமல் அவனே மம்முட்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "நல்ல மனுசிம்மா அவுங்க. என்னப் பாக்கறப்பல்லாம் என்னமோ சொல்ல வருவாங்க. அப்பறம் நல்லாருக்கியாப்பான்னு கேட்டுட்டுப் போயிருவாங்க."

அக்கா, நீங்கள் கடைசி வரை சொல்லவில்லை. நான் போட்ட பூட்டை நீங்கள் வாயில் போட்டுக்கொண்டு குழிக்குள் போய்விட்டீர்கள்.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் மத்தியானம், பெரியவனுக்குக் களியும் கொள்ளுக் குழம்பும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கையெழுத்து வாங்கியது நான், திட்டம் போட்டது நான், தம்பி உனக்குத் துரோகம் செய்யவில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று பழியை அவன் சுமக்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்று காலைத் தொடப் போனேன். அவன் காலை இழுத்துக்கொண்டான். மிச்சக் களியை ஒரு வாய் விடாமல் தின்றான். எழுந்து கை கழுவினான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அவன் நம்பர் குடு" என்றான்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசினான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

போன மாதம் சின்னவன் வந்தான். மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பெரியவனே வண்டி எடுத்துக்கொண்டு போனான். என்னையும் கூட்டிப் போவானோ என்று புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வரும்போது சின்னவன் பின்னால் உட்கார்ந்து அண்ணனின் தோளைப் பிடித்திருந்தான். காதோரம் நரைத்திருக்கிறது அவனுக்கு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் களிக் குண்டானோடு நிற்கிறேன், கை நீட்டினால் படும் தூரம். பெரியவன் தம்பியிடம் சொல்கிறான், "இன்னொரு உருண்டை வைக்கச் சொல்லு" என்று. சின்னவனுக்குத் தலை நிமிரவில்லை. நான் வைத்தேன்.

அன்றிலிருந்து பெரியவன் அப்படித்தான். வேளைக்குச் சாப்பிடுகிறான், எனக்கு மாத்திரை தீர்ந்தால் வாங்கி வந்து வைக்கிறான், அம்மா என்ற வார்த்தை மட்டும் அவன் வாயில் இல்லை. வலிக்கிறது அக்கா. ஆனாலும் என் மேல் வர வேண்டியது என் மேலேயே வந்ததில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஏசாவும் யாக்கோபும் பிற்பாடு கட்டிப்பிடித்து அழுததைப் பார்க்க ரெபெக்காளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்துவிட்டேன்.

பெரியவனுக்கு நான் இன்னும் களி கிண்டிப் போடலாம். நாளையோ, அடுத்த வருஷமோ, என்னைப் பார்த்தே கேட்பான் என்று காத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்களிடம் நான் சொன்னதற்குத்தான் ஒரு வழியும் இல்லை. நீங்கள் கையை விட்ட இடம் இந்தக் கையில் இருக்கிறது. எங்கே போய் மன்னிப்புக் கேட்பது அக்கா, நான்?