ஓதமே இல்லாத சுவர்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே மூவரும் நலம், பெட்டி கட்டிக் கட்டி என் இடுப்பு மட்டும் நலமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்கிறேன். என் கையெல்லாம் டேப் பசை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

இந்த வீட்டை விற்றுவிட்டார்கள், முப்பதாம் தேதிக்குள் காலி செய்யவேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஊருக்குள் நம் கைக்கு எட்டுகிற வாடகையே கிடையாது. ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி, கடைசி ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனில் ஒரு வீடு இருப்பதாகத் தரகர் சொன்னார், போய்ப் பார்த்தோம். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் எங்களோடு இன்னும் ஆறு குடும்பம் வந்திருந்தது, ஒருத்தி திரைச்சீலைக்கு அளவே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் உங்கப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்னுடையது என்று அவர் சொல்வார், நம்பாதே. படுக்கையறைச் சுவரைத் தட்டி, என்னம்மா இது, செவரெல்லாம் ஒரே ஓதமா இருக்கு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆமாங்க, வந்ததுலேர்ந்து ஒரு வாடை என்றேன். அத்தோடு நின்றிருக்கும். உன் தங்கையோ நாங்கள் நிஜமாகவே சொல்கிறோம் என்று நினைத்து, ஈரம் ஊறிய ஓதச் சுவரில் என்னென்ன பூஞ்சை வளரும், அது நுரையீரலுக்குள் போய் என்ன செய்யும் என்று படித்ததை எல்லாம் ஒப்பித்துவிட்டாள். ஐந்தே நிமிடத்தில் ஆறு குடும்பமும் படியிறங்கிவிட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று திரும்பினால், வீட்டுக்காரம்மா முகம் வெளுத்து நிற்கிறார். ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே, செவர உடைச்சுப் பாத்துட்டுத்தான் இனி ஆளு வைப்பேன், ரெண்டு மாசமாவது ஆகும் என்று கதவைப் பூட்டிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பது எங்களுக்குத்தான் பொருத்தம். வழியெல்லாம் உங்கப்பா, புள்ளைய இவ்ளோ படிக்க வச்சிருக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் நானே போய் நாங்கள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அந்தம்மா நம்பினால்தானே! நீங்க வீடு வேணும்னு இப்பப் பொய் சொல்றீங்க, அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்ற மொகமே இல்ல என்கிறார். வேறு வழியில்லாமல் இவளையே அழைத்துப்போனோம். பெற்றவர்கள் செய்த காரியத்துக்கு முதலில் எங்களை ஒரு பார்வை பார்த்தாள் பார், அதை எழுதச் சொன்னால் எழுத மாட்டேன் என்கிறாள். பிறகு அறைக்கு அறை சுவரில் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டினாள். ஓதம் இருந்தால் இரண்டு நாளில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கட்டுமாம். அந்த இரண்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பிரித்தபோது எல்லாத் தாளும் காய்ந்த சருகு. வீட்டுக்காரம்மா சாவியை எடுத்து, எங்கள் இருவரையும் தாண்டிப்போய் உன் தங்கை கையில் கொடுத்தார். இனி குழாய் சொட்டினாலும் அவள் சொன்னால்தான் ஆள் அனுப்புவாராம். உங்கப்பா இப்போதே அவளிடம் மரியாதையாகப் பேசிப் பழகுகிறார்.

நீயும் அங்கே வீடு மாற்றப் போவதாகச் சொன்னாயே, சுவரைத் தட்டிப் பார், வாயை மட்டும் திறக்காதே. குளிருக்குக் காதைப் பொத்திக்கொள். இருபத்தெட்டாம் தேதி குடிபோகிறோம், இனி புது முகவரிக்கு எழுது, பின்னால் குறித்திருக்கிறாள். எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் இரு.

உன் அம்மா
(வீட்டில் நுழைய அனுமதி பெற்றவள்)