எரியும் விளக்கோடு நடந்து வந்த அக்காவுக்கு

என் தனபாக்கியம் அக்கா,

வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார். ஊர்க்கதை சொல்ல வந்திருக்கிறேன். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். அதற்காக நீ என்னைத் திட்ட முடியாது. அந்த மூன்றாவதுகூட நீ படிக்கவில்லையே.

நீ போனது ஆடியில். இப்போது ஐப்பசி. மாட வீதியில் தண்ணீர் தேங்கி, வெண்டைக்காய்க் கூடையைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து விற்கிறோம். உன் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. உன் சாக்கை மட்டும் விரித்து வைத்திருக்கிறேன். வாடிக்கையாக வருகிற மாமிகள், "பெரியவ எங்கடி, ஊருக்குப் போயிருக்காளா?" என்று கேட்கிறார்கள். சிலரிடம் சொல்கிறேன். சிலரிடம் ஆமாம் என்று விட்டுவிடுகிறேன். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது அக்கா.

உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பிகள். அந்த ஒரு காரணத்தால்தான் நீ எனக்குக் கிடைத்தாய். வேறு எதற்கு இல்லாவிட்டாலும் அதற்காக அந்தக் குடும்பத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

விளக்கு வருவதற்கு முன்னால் நாம் பட்ட பாடு உனக்கு மறந்திருக்காது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொழுது சாய்ந்தால் நம் வரிசையில் சிமினி விளக்குதான். கடல் காற்று ஒரு வீச்சு வீசினால் அதுவும் போய்விடும். கத்தரிக்காயில் பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று தெரியாத இருட்டில் யார் வாங்குவார்கள்? எதிர்ப்பக்கம் பழக்கடை கோவிந்தனிடம் பெட்ரோமாக்ஸ் பளிச்சென்று எரியும். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். அவன் நம்மிடம் மிச்சத்தை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போய், நம் கண்ணெதிரே அந்த வெளிச்சத்தில் பரப்பி நல்ல விலைக்கு விற்பான். காலையிலிருந்து வெயிலில் கிடந்தது நாம். லாபம் விளக்கு வைத்திருந்தவனுக்கு.

பிறகு வியாபாரிகள் சங்கத்தில் கடைகளுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு கொடுத்தார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டது ஆம்பிளைகளை. எழுதிக்கொண்டதும் ஆம்பிளைகள் பேரைத்தான். ஒரு நாள்கூடத் தராசைப் பிடிக்காத பெரிய மாமா, உன் வீட்டுக்காரர், கடைக்காரர் ஆகிவிட்டார். விளக்கை வாங்கிக்கொண்டு நேரே மந்தைவெளி சைக்கிள் கடைக்குப் போனார். அங்கே கேரம் பலகைக்கு மேலே அது தொங்கியது. நாம் சிமினியிலேயே இருந்தோம்.

நீ கேட்டுப் பார்த்தாய். "பொம்பளைங்களுக்கு அத்த ஏத்தத் தெரியுமா? வெடிச்சா இன்னா பண்ணுவ?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து நீ செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாய். ஆட்டம் மும்முரமாக இருந்தது. நீ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, எரிகிற விளக்கைக் கொக்கியிலிருந்து அப்படியே கழற்றினாய்.

"இன்னாமே இது? செவப்பு காயப் போடப் போறேன்," என்றார் பெரிய மாமா.

"இருட்டுல போடு. நாங்க இருட்டுல கத்திரிக்கா விக்கல?"

"அணைச்சிட்டாவது எடுத்துக்கினு போ. கையச் சுட்டுக்கப் போற."

"அணைச்சா ஏத்தறதுக்கு நீ வருவியா?"

அதுதான் விஷயம். அணைத்துவிட்டால் நமக்கு ஏற்றத் தெரியாது. அதனால் எரியும் விளக்கோடே தெருவில் இறங்கினாய். உள்ளே இருக்கிற மேண்டில் ஒரு தரம் எரிந்தபின் வெறும் சாம்பல் கூடு, குலுங்கினால் உதிர்ந்துவிடும் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருந்தது. கரகம் எடுக்கிறவளைப் போல அடிமேல் அடி வைத்து நடந்தாய். நான் முன்னால் ஓடிச் சைக்கிள்காரர்களை விலக்கினேன். பின்னால் கேரம் ஆடினவர்கள் எல்லாரும், வேறு வெளிச்சம் இல்லாததால், நம்மோடு நடந்து வந்தார்கள். ஏதோ சாமி வருகிறது என்று நினைத்து ஒரு வீட்டு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். நீ சிரிக்கவில்லை. சிரித்தால் கை ஆடும் என்று பயம்.

நம் வரிசைக்கு வந்ததும் கீரைக்காரி குப்பம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னாக்கா, விடிஞ்சிடுச்சா?" என்றாள்.

அந்த விளக்கை நீ நம் கூடைக்கு மேலே மாட்டவில்லை. நமக்கும் குப்பம்மாவுக்கும் தேங்காய்க்காரிக்கும் நடுவில் இருந்த வேப்பமரக் கிளையில் கட்டினாய். எனக்குக் கோபம் வந்தது.

"நம்ம வெளக்குக்கா. ஊருக்கெல்லாம் எதுக்கு?"

"ஆளுக்கு ஒரு நாள் கிருஷ்ணாயில் ஊத்தட்டும். ஒருத்தி கடையில மட்டும் வெளிச்சம் இருந்தா அவளும் ஒரு கோவிந்தன்தான்டி."

மறுநாள் பெரிய மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நான் மரத்தடியில் போய் நின்றுகொண்டேன். நீ, "ஒரு தபா ஏத்திக் காட்டு. அப்பால ஆடப் போ," என்றாய். என்ன நினைத்தாரோ, குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டினார். வரிசையே வியாபாரத்தை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தது. அதற்கு அடுத்த நாள் நீயே ஏற்றினாய். மேண்டில் உதிர்ந்தது, புருவம் கருகியது, ஆனால் கடைசியில் எரிந்தது.

அதன்பிறகு கோவிந்தன் கூடையோடு நம் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். விடியற்காலையில் காய் எடுக்கப் போகும்போது என் முந்தானையில் என் சொந்த முதல் இருந்தது. அது எப்படிப்பட்ட தைரியம் என்று உனக்கு நான் என்றைக்காவது சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இப்போது சொல்கிறேன்.

நீ ஏற்றும்போதெல்லாம் நான் தீப்பெட்டியை நீட்டிவிட்டுத் தள்ளி நிற்பேன். "கத்துக்கடி," என்பாய். "நீதான் கீறியே," என்பேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, விளக்கு வீட்டில் உன் படத்துக்குக் கீழே சும்மா இருந்தது. பெரிய மாமா அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் மறுபடி சிமினிக்கு வந்தோம். கோவிந்தனும் வந்தான். "அள்ளிக்கட்டுமா அஞ்சல?" அள்ளிக்கொண்டு போனான். உன் சாக்குக்கு முன்னால் நின்று அள்ளினான் அக்கா.

போன வாரம் சங்கத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். "ஏத்தத் தெரிஞ்ச அம்மா போயிட்டாங்க. சொம்மா கெடக்கற வெளக்கு. கோவிந்தன் இன்னொண்ணு கேக்கறாரு," என்றார். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "சாயங்காலம் கடையாண்ட வந்து பாருங்க சார். எரியலன்னா எடுத்துக்கினு போங்க," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மரத்தடியில் உட்கார்ந்தபோது எதை முதலில் தொடுவது என்று தெரியவில்லை. சங்கத்துக்காரர் கோவிந்தன் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேண்டிலைக் கட்டிவிட்டு உடனே காற்று அடிக்கப் போனேன்.

"அய்ய, மொதல்ல ஸ்பிரிட்டு ஊத்தி சூடு காட்டணும்டி," என்றாள் குப்பம்மா. "அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் பொறு, அக்கா அப்டித்தான் பொறுக்கும்," என்றாள் தேங்காய்க்காரி. அடைப்பு போகப் பின்னைத் திருகிவிட வேண்டும் என்பது பூக்காரிக்கு ஞாபகம் இருந்தது. எல்லாரும் உன்னைத்தான் பார்த்திருக்கிறோம். ஒவ்வொருத்தியிடமும் உன் கைவேலையில் ஒரு துண்டு இருந்தது.

முதல் தரம் குப்பென்று மஞ்சளாக எரிந்து புகைந்தது. கோவிந்தன் சிரித்தது கேட்டது. இரண்டாவது தரம் வெளிச்சம் வந்தது, ஆனால் மங்கலாக, இதோ போய்விடுவேன் என்பது போல.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "காத்து கம்மி. இன்னும் நாலு அடி."

பெரிய மாமா. எப்போது வந்தார் என்று தெரியாது. கிட்டே வரவில்லை, கையும் வைக்கவில்லை. நான் அடித்தேன். புஸ்ஸென்று வெளுத்து, மரமெல்லாம் தெரிந்தது. உன் சாக்கும் தெரிந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சங்கத்துக்காரரும் போய்விட்டார், வெறுங்கையோடு.

இன்னொரு சேதி. நம் வரிசைக்குக் கரண்ட் கம்பி இழுக்கப் போகிறார்களாம். பேர் எழுத ஆள் வருமாம். இந்தத் தடவை யாரும் வீட்டுக்காரரை அனுப்பப் போவதில்லை. கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள்தான் பேர் சொல்லப் போகிறாள், எல்லாரும் பேசி வைத்திருக்கிறோம். பல்பு வந்தாலும் அந்த வேப்பமரத்தில்தான் கட்டுவேன் அக்கா. என் கூடைக்கு மேலே மட்டும் தொங்கவிட மாட்டேன். கோவிந்தனாக மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் சாக்குக்குப் பக்கத்தில், உன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் ஓரகத்தி, உன் தங்கச்சி
அஞ்சலை