திருப்பிப் போடாத இசைத்தட்டு

ஜனவரி 12

அன்புள்ள எக்ஸ்ரே,

இங்கே எல்லாரும் நலம். உன் அத்தைக்கு முட்டிவலி, எனக்கு உன் அத்தை. மற்றபடி ஒரு குறைச்சலும் இல்லை.

உனக்கும் ஒன்று அனுப்பினேனே, அட்டையில் நாற்காலிப் படம் போட்ட இசைத்தட்டு, அந்த 'நாற்காலி அட்டை'யின் முதல் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டேன். நீ புது வீட்டில் மூட்டை முடிச்சுகளைப் பிரித்தாயா, பிளேயரை வெளியே எடுத்தாயா, ஒன்றும் தெரியவில்லை. பாத்திரத்துக்கு முன்னால் பிளேயரைத்தான் எடுத்திருப்பாய் என்று உன் அத்தையிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

முதல் பாட்டில் பாடுகிற அம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்பு பியானோக்காரர் கொஞ்சம் வாசித்துவிட்டுச் சும்மா இருக்கிறார் பார், அங்கேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது பாட்டுத்தான் வயிற்றெரிச்சல். என் தட்டில் ஒரு கீறல். அவர் குரல் மேலே ஏறும் இடத்தில் ஊசி முன்னே போக மாட்டேன் என்று ஒரே இடத்தில் சுற்றுகிறது. "அந்தப் பொம்பளைக்கு விக்கல் எடுக்குது, யாராவது தண்ணி குடுங்களேன்" என்று அடுக்களையிலிருந்து உன் அத்தை கத்துகிறாள். ஊசியைத் தூக்கி நகர்த்தி வைத்துத்தான் மிச்சத்தைக் கேட்டேன்.

வழக்கப்படி இரண்டாம் பக்கத்தைத் தொடவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் திருப்பிப் போடுவேன். நீ இந்த வீட்டு மருமகளாக வந்த புதிதில், பாட்டுக்கு நடுவில் எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள் என்று ஓடினாயே. "திருப்பிப் போட்டுடாதீங்க மாமா, நான் வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாயே. அன்றிலிருந்து நான் தனியாக எந்தத் தட்டையும் திருப்பிப் போட்டதில்லை. நீ வேறு ஊருக்குப் போய்விட்டாய் என்பதற்காக முறையை மாற்ற முடியுமா? அதற்காகத்தானே எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கி ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போன் என்றால் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்பதிலேயே நேரம் போய்விடும். பாட்டுக்கு வந்து சேர மாட்டோம்.

நீயும் என் மகனும் பிரிவதென்று எடுத்த முடிவில் மூக்கை நுழைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நுழைக்கவும் இல்லை. இரண்டாவது பாட்டை மட்டும் கொஞ்சம் கவனித்துக் கேள். விட்டுப் போனவர் எப்போது திரும்பி வந்தாலும் ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்று பாடுகிறார். பாட்டு நன்றாயிருக்கிறது என்பதற்காக மட்டுமே சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா


ஜனவரி 25

அன்புள்ள மாமா,

உங்கள் மானம் பிழைத்தது. முதலில் எடுத்தது பிளேயரைத்தான். அலமாரி இன்னும் வரவில்லை, அதனால் கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். வீடு மாடியில் இருக்கிறது. ஒரு அறை, அதை ஒட்டி இன்னொரு அறை என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலை. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் டிப்போ. பஸ்களைக் கழுவி முடிக்கும் வரை பொறுத்திருந்துதான் ஊசியை இறக்க வேண்டியிருக்கிறது.

முதல் பக்கத்தைக் கேட்டேன். நான்காவது பாட்டில் அந்த அம்மாள் நடுவில் மூச்சே எடுக்காமல் ஒரு வரியை இழுத்துக்கொண்டு போகிறாரே, கவனித்தீர்களா? நாளெல்லாம் எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் பிழைப்பவள் நான். அவரோடு சேர்ந்து நானும் பிடித்துப் பார்த்தேன். பாதியில் இருமல் வந்துவிட்டது. நீங்கள் இனிமேல் தாராளமாகத் திருப்பிப் போடலாம்.

இரண்டாவது பாட்டு நன்றாயிருக்கிறது. பாட்டு நன்றாயிருக்கிறது என்பதற்காக மட்டுமே நானும் சொல்கிறேன்.

அடுத்தது என் முறை. 'மஞ்சள் குடை'. நீங்கள் போன மாதம் அனுப்பிய தட்டுகளில் அட்டையே பிரிக்காமல் கிடந்தது. முழுக்க முழுக்கக் கிளாரினெட். ஒரு வார்த்தைகூட இல்லை. உங்களுக்கு நல்லது.

கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவசரத்தில் எல்லாச் சாமான்களையும் நானே வாரிக்கொண்டு வந்துவிட்டேன். அவருடைய கட்டில், மேசை, புத்தகங்கள், பாத்திரம் எல்லாவற்றையும் அடுத்த வாரம் லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். கண்ணாடிச் சாமான்கள் இருக்கும் பெட்டியில் அடையாளம் போட்டிருக்கிறேன், பார்த்து இறக்கச் சொல்லுங்கள்.

அத்தையின் முட்டிக்கு ஒரு படம் எடுத்துவிடச் சொல்லுங்கள். என்னிடம் வந்தால் நானே எடுப்பேன்.

அன்புடன்,
எக்ஸ்ரே


பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய லாரி வந்து சேர்ந்தது. கட்டிலும் மேசையும் சேதமில்லாமல் இறக்கப்பட்டன. கண்ணாடிச் சாமான்களில் ஒன்றுகூட உடையவில்லை. தங்கள் கவனத்துக்கு நன்றி.

போர்வைகளுக்கு நடுவில் 'நாற்காலி அட்டை' இருந்தது. நான் கொடுத்தவற்றில் இதை மட்டும் பொறுக்கி எடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். விளக்கைப் பற்றிய பாட்டு இதில்தான் இருக்கிறது. பதில் புரிந்தது. கோர்ட்டே தீர்த்துவிட்ட பிறகு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் தங்களுக்கும் என்ன சம்பந்தம்? அதை வாய்விட்டுச் சொல்லாமல், போர்வைக்குள் வைத்துச் சொன்னது தங்கள் பெருந்தன்மை.

இனிமேல் எழுதித் தொந்தரவு கொடுக்க மாட்டேன். மற்ற தட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, அவை தங்களுடையவை. லாரி வருவதற்கு முன்பே 'மஞ்சள் குடை'யின் முதல் பக்கத்தைக் கேட்டிருந்தேன். அதைப் பற்றி நிறைய எழுத இருந்தேன். வேண்டாம், விடுங்கள். இரண்டாவது உருப்படியின் முடிவில் கிளாரினெட்காரர் ஒரு சுரத்தை மிகவும் அடங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். மனிதர் களைத்துப்போய்விட்டார் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான்.

இரண்டாம் பக்கத்தைக் கேட்க மாட்டேன். இது கோபமில்லை.

நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரர்

(இது அத்தை எழுதறது. தபால்ல போடக் குடுத்த கவரைப் பிரிச்சு எழுதறேன். அம்மா அவர்களுக்குன்னு போட்டிருக்காரே, அது யாருன்னு கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கடைக்கு வர்றவங்ககிட்ட எரிஞ்சு விழறார். பிளேயர் மேல ஒரு துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்கார். பாட்டு ஓடினாத்தான் தொல்லைன்னு நெனச்சேன், ஓடாட்டி வீடு என்னமோ மாதிரி இருக்கு. என்ன நடந்துச்சுன்னு எழுதும்மா.)


பிப்ரவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

'மதிப்பிற்குரிய அம்மா அவர்கள்' என்று இந்த வீட்டில் யாரும் குடியில்லை. கடிதத்தைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். அத்தையின் கையெழுத்துக்காகப் பிழைத்தது.

அட்டையைத் திறந்தாவது பார்த்தீர்களா? தட்டைப் போட்டாவது பார்த்தீர்களா? உங்கள் தட்டில் மூன்றாவது பாட்டு நின்றுபோகிறது என்று நீங்கள்தானே புலம்பினீர்கள்! என்னுடையதில் கீறல் இல்லை. நான் கேட்டு முடித்தாயிற்று, நீங்கள் அந்தப் பாட்டை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று என்னுடையதை அனுப்பினேன். வழியில் அடிபடக் கூடாதே என்று போர்வைக்குள் வைத்தேன். ஊசியை இறக்கியதும் உங்களுக்கே தெரியட்டும் என்று சொல்லாமல் விட்டேன். விக்கல் நின்றதும் அத்தை என்ன சொல்வார் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். உலகத்தில் வேறு யாராயிருந்தாலும் ஒரு நல்ல இசைத்தட்டு கைக்கு வந்தால் அதைப் போட்டுக் கேட்டிருப்பார். நீங்கள் ஒருவர்தான் அதைப் போடாமலே உள்ளே இருக்கும் பாட்டு வரிக்கு அர்த்தம் கண்டுபிடித்து, துண்டு போட்டு மூடியிருக்கிறீர்கள்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில் வைத்துப் பிரித்தேன். எக்ஸ்ரே கதிர் படாமல் போட்டுக்கொள்ளும் ஈய அங்கியைக்கூடக் கழற்றவில்லை. படித்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஒருவர் கை முறிந்து காத்துக்கொண்டிருக்கிறார், என்னால் எழ முடியவில்லை. இந்த ஒரு வருஷத்தில் பலர் என்னை விட்டுப் போனார்கள். அவர் பக்கத்து நண்பர்கள், உங்கள் பக்கத்துச் சொந்தங்கள், தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறவர்கள். போகட்டும் என்று இருந்துவிட்டேன். நீங்களும் போவீர்கள் என்று மட்டும் நான் நினைத்ததே இல்லை. ரொம்பப் பயந்துவிட்டேன் மாமா.

அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் திரும்பி வர மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை, நானும் கெட்டவள் இல்லை. ஒரே வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் கத்துகிற ஆட்களாக மாறிவிடுகிறோம், அது உங்கள் காதிலும் விழுந்ததுதான். இப்போது நான் கத்துவதில்லை. அவரும் கத்துவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாதக் கணக்கில் நீங்கள் தேர்ந்தெடுக்கிற பாட்டுகளைப் பாருங்கள். துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல். கூட்டுக்குத் திரும்பும் பறவை. இப்போது ஜன்னலில் விளக்கு. எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? பெயரே எக்ஸ்ரே என்று நீங்கள்தானே வைத்தீர்கள்! பாட்டைத் தூது விடாதீர்கள், பாட்டும் கெட்டுப்போகிறது.

என்னைத் திருப்பிக் கொண்டுபோவதற்காகத்தான் எழுதுகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள், எப்படியாவது தாங்கிக்கொள்வேன். கிளாரினெட்டுக்காக எழுதுகிறீர்கள் என்றால் எழுதுங்கள். நானும் 'மஞ்சள் குடை'யைத் திருப்பிப் போடவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துத்தான் போடுவதா, அட்டைக்குள் வைத்து மூடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

அத்தைக்கு: பயப்படாதீங்க அத்தை, ஒண்ணும் நடக்கல. அவரைச் சாப்பிடச் சொல்லுங்க.

அன்புடன்,
எக்ஸ்ரே


மார்ச் 3

அன்புள்ள எக்ஸ்ரே,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். எதிரில் ஒருவர் சுவரில் இருக்கும் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். "போதும்" என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். கடைசி வரியையும் தாண்டி, பலகையை அச்சடித்தவர்கள் போட்டிருந்த சின்ன எழுத்து வரை வாசித்துவிட்டு, "இதுக்கு மேல எதுவும் இல்லீங்க" என்றார். கண்ணாடியே தேவையில்லாத மனிதர், அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்த் துண்டை எடுத்தேன். உன் தட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டில் அந்த இடத்தை ஊசி கடந்து போனது. இத்தனை நாளும் நான் தாண்டிப் போன இடத்தில் அந்த அம்மாள் மேலே ஏறி, ஏறியதும் லேசாகச் சிரிக்கிறார். பாட்டுக்குள்ளேயே ஒரு சிரிப்பு! அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும். உன் அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அட, இந்தப் பாட்டு இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்றாள்.

அன்று சாப்பிடும்போது அவனிடம் சொல்லிவிட்டேன். நான் உனக்கு எழுதுகிறேன், இனிமேலும் எழுதுவேன் என்று. அவன் குழம்பை ஊற்றிக்கொண்டான். அப்புறம், "எழுதுங்கப்பா. ஆனா அதுல என்னைப் பத்தி எழுதாதீங்க, அவளைப் பத்தியும் எங்கிட்ட சொல்லாதீங்க. அது போதும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. அவனைப் பற்றி உனக்கு எழுதுவது இதுதான் கடைசி.

நீ வர மாட்டாய் என்று எழுதிய இடத்தில் எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் இரண்டு நாள் கழித்து அதே வரியை நினைத்தால் மனசு லேசாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், இந்த ஒரு வருஷமாக நான் எந்தப் பாட்டையும் பாட்டாகக் கேட்கவில்லை. எந்த வரியை வைத்து உன்னைப் பிடிக்கலாம் என்று தேடிக்கொண்டே இருந்தேன். நேற்று அந்த விளக்குப் பாட்டையே மறுபடி கேட்டேன். அதில் அடியில் ஒரு பேஸ் கித்தார் தன்பாட்டுக்கு நடந்துபோகிறது. விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதுதான் அந்தப் பாட்டிலேயே நல்ல விஷயம். இப்போதுதான் காதில் விழுகிறது.

ஆகவே, கிளாரினெட்.

அவர் களைத்துப்போய்விட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் உருப்படியில் அவ்வளவு குதித்துவிட்டு யாருக்குத்தான் மூச்சு இருக்கும்? இரண்டாவதின் முடிவில் வேறு வழியில்லாமல் அடங்கிப்போகிறார். அதையும் அழகாகச் செய்கிறார், அது அவர் கெட்டிக்காரத்தனம். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமா,

கிளாரினெட்டைப் பற்றி நீங்கள் எழுதியது முழுத் தவறு.

களைப்பாவது ஒன்றாவது! மூச்சைப் பற்றி என்னிடமே சொல்கிறீர்களா? களைத்தவருக்குச் சுரம் நடுங்கும், அறுந்துபோகும். இவருடையது ஒரு இழைகூட அசையவில்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமானால் நெஞ்சு நிறைய மூச்சு இருக்க வேண்டும். டிரம்காரர் அங்கே குச்சியை வைத்துவிட்டு, டிரம்மை உரசி வாசிக்கும் கம்பிப் பிரஷ்ஷை எடுக்கிறார். அந்த உரசல் கேட்க வேண்டும் என்பதற்காக இவர் வேண்டுமென்றே இறங்கி வழி விடுகிறார். உங்கள் ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருக்கிறது, அதனால்தான் பிரஷ் கேட்கவில்லை. ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். கேட்டுவிட்டு, "நான் சொன்னது தப்பு" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது வரும் வரை இங்கே தட்டு திரும்பாது, அங்கேயும் திரும்பக் கூடாது.

இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக எல்லாரும் என்னிடம் அளந்து அளந்து பேசுகிறார்கள். நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். ஒரு மனிதர்கூட என்னிடம் எதையாவது தப்பாகச் சொல்லி, நான் "இல்லவே இல்லை" என்று சொல்ல வழி கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தனியாக இந்த அறையில் நின்றுகொண்டு, "களைச்சுப் போயிட்டாராமா!" என்று உரக்கவே சொன்னேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகைதான்.

அடுத்த ஆல்பத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், வார்த்தை இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
எக்ஸ்ரே