சாயம் ஏற்றிய கல்

ஆவணி, வளர்பிறைப் பஞ்சமி

மழை. நான்கு பிள்ளைகள் பாடத்துக்கு வந்தார்கள். ஐந்தாவதாக ஒரு நரைத்த தலையும் வந்தது. பருகச்சத் துறைமுகத்துத் துணி வியாபாரியாம், பெயர் நாகிலனாம். சீடனாகச் சேரும் முறைப்படி விறகுக்கட்டை என் முன்னே வைத்து, ரத்தினங்களைச் சோதிக்கும் வித்தை கற்க வேண்டும் என்றான். ஐம்பது வயதில் எதற்கு?

"வயசாச்சுன்னா கத்துக்கக் கூடாதா, குருவம்மா?" என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

கேட்டு வருபவரை மறுக்கக் கூடாது என்பது உஜ்ஜயினி மணிக்காரர் குழுவின் விதி. சேர்த்துக்கொண்டேன். பிடிக்கவில்லை.

வளர்பிறை நவமி

பிள்ளைகள் அவனைத் தாத்தா என்கிறார்கள். கண்ணாடியையும் கல்லையும் நாக்கில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தார்கள். அவன் ஒருமுறைகூடத் தவறவில்லை. பிறகு கேட்டான்: "சாயம் ஏத்துன படிகம் வெளுக்க எத்தன நாளாகும்?"

இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. விற்றுவிட்டு எப்போது ஊரைவிட்டு ஓடலாம் என்று பார்க்கிறவன்தான் கேட்பான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஏகாதசி

சொல்லவில்லை.

பௌர்ணமி

சாயப் பாடத்தை இனியும் தள்ளிப்போட முடியவில்லை. கள்ளக்கல்லைக் கண்டுபிடிக்க, கள்ளக்கல் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் — எங்கள் வித்தையின் சாபம் அது. படிகத்தைக் காய்ச்சிக் கொம்பரக்குச் சாற்றில் போட்டேன். சுரீரென்று விரிசல் விட்டு, சிவப்பு உள்ளே ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் மட்டும் பிணத்தைப் பார்ப்பவனைப்போல் பார்த்தான்.

என் கணவர் சோமிலனிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். "ஒனக்கு யாரப் பாத்தாலும் கள்ளன்தான்டி. கல்லையே பாத்துப் பாத்து பொண்டாட்டி கண்ணு அப்படி ஆயிருச்சு" என்று கேலி செய்கிறார். இருக்கட்டும். இந்தக் கண்தான் இந்த வீட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது.

தேய்பிறைத் துவிதியை

அகப்பட்டான்! சிப்ரா ஆற்றில் குளிக்கப் போயிருந்தான். பட்டறை மூலையில் கிடந்த அவன் மூட்டையை அவிழ்த்தேன். அடியில் சின்னப் பட்டுப் பை, உள்ளே வெளிறிய சிவப்புக் கல். நீரில் அமிழ்த்தினேன். விரிசல்களில் நரம்பு நரம்பாகச் சாயம்.

சோமிலனைக் கூப்பிட வாய் திறந்தேன். பையின் கழுத்தில் உடைந்த அரக்கு முத்திரை ஒன்று தொங்கியது. இரட்டை மீன்.

என் முத்திரை.

அதே நாள், மாலை

எவனோ போலி முத்திரை செய்திருப்பான் — இல்லை. வால் தேய்ந்த அந்த மீன் என்னுடையதுதான். மூன்று வருடம் முன்பு, தம்பியின் கல்யாண நாள். வாசலில் மேளம் கொட்டுகிறது, ஒரு வணிகன் ஏழு சிவப்புக் கற்களோடு வந்து நிற்கிறான். இரண்டைப் பார்த்தேன். ஏழும் அசல் என்று முத்திரை வைத்தேன்.

ஏன் வச்சேன்? ஐயோ, எதுக்கு வச்சேன்?

திருதியை

பிள்ளைகள் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

"மூட்டையில முடிச்சு மாறியிருக்கு, குருவம்மா. பாத்துட்டீங்க."

"யாருக்கு வாங்கினது அது?"

"எம் பொண்ணு சுலசைக்கு. சீதனமாக் குடுத்தேன். சாயம் வெளுத்ததும், ஏமாத்துக்காரன் மகள்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷமா எங்க வீட்டுலதான் இருக்கா. முத்திர வச்சவ திருடியா, இல்ல தூங்குனவளா? அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அதுக்கு மொதல்ல கல்லப் பத்தித் தெரியணுமே."

"தூங்கினவ" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "திருடின்னா மன்றத்துக்கு இழுத்திருப்பேன். இதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலயே."

சதுர்த்தி

"முத்திரையும் கள்ளம்னு சொல்லிரு. அவன் பேச்ச யாரு நம்பப் போறா?" என்றார் சோமிலன் நேற்றிரவு.

ஒரு கணம் மனம் லேசானது. அந்தக் கணத்தை நினைத்து இரவெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பு. காலையில் குழுவின் முன்னால் போய் நின்று, நடந்ததைச் சொன்னேன். நான் பார்க்காமல் விட்ட மற்ற நான்கு கற்கள் யார் கழுத்தில் இருக்கின்றனவோ.

சப்தமி

மூன்று வருடத்துக்கு முத்திரையைக் குழுவினர் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளையும் பெற்றோர் அழைத்துப் போய்விட்டார்கள். கடைசிப் பெண்ணின் தாய், மகள் பையை உதறி, கொண்டுவந்த கற்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினாள். நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

ஐப்பசி, வளர்பிறைத் தசமி. பருகச்சம்

மழை நின்றதும் புறப்பட்டு வந்தேன். சுலசையின் மாமியார் வீட்டு முற்றத்தில், அக்கம்பக்கத்தார் கேட்கச் சொன்னேன்: தவறு என்னுடையது. நாகிலன் ஏமாற்றவில்லை, ஏமாந்தார்.

பிறகு மாமியார், "அப்ப எங்க மருமகளக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றாள், ஏதோ போன வாரம்தான் அனுப்பியவளைப்போல.

நாகிலன் வீட்டில் சுலசையிடம் சொன்னோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் தகப்பனிடம். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

துவாதசி

வண்டி பூட்டியாகிவிட்டது. நாகிலன் வழியனுப்ப வந்தார்.

"சுலசை ஒரு முடிவு சொன்னதும் வர்றேன். மிச்சப் பாடம் இருக்குல்ல?"

"முத்திரை இல்லாதவகிட்டயா?"

"நான் என்ன, முத்திரகிட்டயா படிச்சேன்?"

இந்த மனிதர் எதற்காக இப்படிச் சொல்கிறார் என்று முதல் காதம் முழுக்க யோசித்தேன். உள்நோக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தூங்கிவிட்டேன்.